தலைமாட்டில் ஒரு துப்பாக்கி

எங்கள் தெருவில் திருட்டு நடந்தது பட்டப்பகலில். மூன்றாவது வீட்டுக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம். யாரோ முன்வாசல் வழியாக நுழைந்து, வெள்ளிச் சாமான்களை அள்ளிக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போயிருக்கிறார்கள். போகிற அவசரத்திலும் சமையற்கட்டில் மூடி வைத்திருந்த பணியாரத்தைத் தின்று, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளி போனதைத் தெரு சீக்கிரமே மறந்துவிட்டது. கழுவிய தட்டைத்தான் யாராலும் மறக்க முடியவில்லை. திருடன் என்றால் போட்டது போட்டபடி ஓடியிருக்க வேண்டும். இவன் அந்த வீட்டு மனிதனைப் போல் அல்லவா நடந்திருக்கிறான்!

அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று, என்னைப் பெற்ற ஆத்தா என்னிடம் ஒன்று கேட்டாள்.

"ஏண்டி, வீடு மாறிப் போயிருப்பாகளோ?"

"கள்ளனுக்கு எந்த வீடா இருந்தா என்ன ஆத்தா?" என்றேன். பயத்தில் என்னவோ பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எங்கள் வீட்டில் ஆத்தாவும் நானும் மட்டுமே. வீடு என்றால் ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வருகிற வீடு. பெரியப்பா, சித்தப்பா குடும்பங்கள் சென்னைக்குக் குடிபோய்விட்டதால் அவரவர் பங்கு அறைகள் பூட்டிக் கிடந்தன. முகப்பு, அதைத் தாண்டி நடுமுற்றமும் தூண்களுமாக வளவு, அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு, கடைசியில் சமையற்கட்டு. எல்லாக் கதவுகளும் ஒரே நேர்கோட்டில். முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வெளிச்சம் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரியும்.

அப்பச்சி, என் அப்பா, பர்மாவில். அப்படித்தான் யார் கேட்டாலும் சொல்வோம். நான் பாவாடை கட்டிய வயதில் அவர் கொண்டுவிற்க, கடல் தாண்டிக் கடை வைத்துத் தொழில் செய்ய, போனார். பிறகு அங்கே கடைகளையெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. நம் ஆட்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்கள். காரைக்குடி ஸ்டேஷனில் வந்து இறங்கியவர்களையெல்லாம் ஆத்தா போய்ப் பார்த்தாள். ஒருவர், ரங்கூன் துறைமுகத்தில் அவரைப் பார்த்தேன், அடுத்த கப்பலுக்கு நின்றுகொண்டிருந்தார் என்றார். இன்னொருவர், அவர் வடக்கே மாந்தலே பக்கம் போனவர் திரும்பவே இல்லை என்றார். கடிதம் நின்றுபோயிற்று. செத்துப்போனார் என்று சொல்ல ஆள் இல்லை. இருக்கிறார் என்று சொல்லவும் ஆள் இல்லை. ஆத்தா குங்குமம் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். என்னைப் பார்க்கிறவர்கள், "அப்படியே அப்பச்சி நடை" என்பார்கள். இடது காலைச் சற்று அழுத்தி வைப்பேனாம். அதைக் கேட்டால் ஆத்தா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்தத் திருட்டு வந்து என் கழுத்தில் விழுந்தது எப்படியென்றால், எனக்கு அப்போதுதான் மதுரையில் எம்.எஸ்ஸி. சேர இடம் கிடைத்திருந்தது. பௌதிகம். ஊரில் இருந்து இருந்து எனக்குக் கால் அரித்துக்கொண்டிருந்த காலம். ஆத்தாவும் போ போ என்றுதான் சொல்லியிருந்தாள். திருட்டுக்குப் பிறகு அவள் தூங்குவதே இல்லை. காலையில் எழுந்து பார்த்தால் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். துணைக்கு ஒரு ஆளை வைத்துக்கொள் என்றால் ஆகாது. சென்னைக்கு, பெரியப்பா வீட்டுக்குப் போ என்றால் அதுவும் ஆகாது. அவளை இந்த நிலையில் விட்டுவிட்டு எப்படிப் போவது? போகாமல் எப்படி இருப்பது? இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக ஒரு நாள் எனக்குத் தோன்றியது.

துப்பாக்கி!

கல்லூரியில் பெண்கள் பயிற்சிப் படையில் இருந்தபோது சின்ன ரைஃபிளால் சுட்டிருக்கிறேன். மணல் மேட்டுக்கு முன்னால் நட்ட அட்டையில் என் குண்டுகள் ஒன்றையொன்று ஒட்டி விழும். அந்தக் கர்வம் வேறு. ஒரே வாரத்தில் நான் துப்பாக்கிப் பைத்தியம் ஆகிவிட்டேன். நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ரிவால்வர் சின்னதாக இருக்கும், ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு லைசன்ஸ் லேசில் தர மாட்டார்கள். காற்றுத் துப்பாக்கிக்கு லைசன்சே வேண்டாம், ஆனால் காக்கை விரட்டத்தான் ஆகும். வளவின் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, படுக்கும் பாயிலிருந்து முன்வாசல் எத்தனை தூரம் என்று கயிறு பிடித்து அளந்தேன். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. தலைமாட்டில் வைக்கலாம் என்றால், தலைமாடு எது? எங்கள் வீட்டில் கட்டிலே கிடையாது. வெக்கையாக இருந்தால் வளவு, சாரல் அடித்தால் இரண்டாங்கட்டு என்று காற்றைப் பார்த்துப் பாயைப் போடுகிற வீடு. ஆனால் ஆத்தா எங்கே பாயைப் போட்டாலும், அந்தக் கதவுகளின் நேர்கோட்டில்தான் போடுகிறாள் என்பதை அந்தச் சுண்ணக்கட்டிக் கோடு காட்டிக்கொடுத்தது. எங்கே படுத்தாலும் அவளுக்கு முன்வாசல் தெரியும். சுடுவதற்கு வசதியான இடம் என்று சந்தோஷப்பட்டேன்.

ஆத்தாவின் அண்ணன், என் அம்மான், சாக்கோட்டையிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்து, ஆத்தாவைக் காட்டி என்னிடம் கேட்டார்.

"ஏத்தா, பூச்சிக்கே பயப்படுறவ இவ. இவ கையில துப்பாக்கியா?"

"பூச்சியச் சுடப்போறதில்ல அம்மான்," என்றேன்.

"நீ பேசாத. படிச்சுப் படிச்சு வாய்தான் வளந்துருக்கு." பிறகு ஆத்தாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான் வேற ஒண்ணு சொல்றேன் தங்கச்சி. வருசம் ஓடிப்போச்சு. செய்யவேண்டிய காரியத்தச் செஞ்சுட்டு, நீயும் சென்னைக்குப் போயிரு. அம்புட்டுப் பேரும் அதத்தான் சொல்றாக."

ஆத்தா எழுந்து நின்றாள். "துப்பாக்கிக்கு எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

அவ்வளவுதான். அம்மான் வாயை மூடிக்கொண்டு மனு எழுதிக் கொடுத்தார். எங்கள் ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸே அப்போது மதுரையில்தான் இருந்தது. மனு அங்கே போய், அங்கிருந்து இறங்கி, விசாரணைக்கு ஒரு ஏட்டு சைக்கிளில் வந்தார். மோர் கொடுத்தோம்.

"ஏன் ஆச்சி, நல்ல நாயா ஒண்ணு வளத்தா என்ன? லைசன்சும் வேணாம், தோட்டாவும் வேணாம்."

"நாய்க்குத் தினம் சோறு போடணும். துப்பாக்கிக்கு எப்பவாச்சும் எண்ணெய் போட்டாப் போதும்," என்றேன் நான்.

ஏட்டு மீசைக்குள் சிரித்தார். "மக விவரமாத்தேன் இருக்கு." எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பின்வாசலில் இரும்புக் குறுக்குச் சட்டம் போட்டிருந்ததைத் தட்டிப் பார்த்து, நல்லது என்றார். முன்வாசலுக்கு வந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இழுத்தார். அது நகரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். துரு உதிர்ந்து அவர் சட்டையில் விழுந்தது. தாழ்ப்பாள் போய் உட்காரவேண்டிய குழியில் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

"என்ன ஆச்சி இது? தாப்பாளப் போட்டு எம்புட்டு வருசமாச்சு? கதவத் தெறந்து போட்டுக்கிட்டுத் துப்பாக்கி கேக்குறீகளே!"

"சரி பண்ணிப்புடுறோம்," என்றாள் ஆத்தா.

அவர் சைக்கிள் தெருமுனை தாண்டும்வரை நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா வருடமும், எல்லா இரவும், தள்ளினால் திறக்கிற கதவுக்கு இந்தப் பக்கம்தான் தூங்கியிருக்கிறேன். தினமும் கடைசியாகக் கதவைச் சாத்திவிட்டு வருகிறவள் ஆத்தாதான். நான் ஒரு நாளும் எழுந்து போய்ப் பார்த்ததில்லை.

உடனே எண்ணெயும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குளவிக்கூட்டைச் சுரண்டினேன். தாழ்ப்பாள் முனகிக்கொண்டு அசைந்தது. சத்தம் கேட்டு ஆத்தா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"விடுடி. தாப்பாள மட்டும் போடச் சொல்லாத."

"அப்ப கள்ளன் நேரா உள்ள வரட்டுமா?"

"வரட்டும். அதுக்குத்தானே துப்பாக்கிங்கிற. வாங்கு. நான் வேணாங்கலையே."

"தாப்பாளப் போட்டா துப்பாக்கியே வேணாமே ஆத்தா!"

"அவுக எந்த வண்டிக்கு வருவாகன்னு யாரு கண்டா?" என்றாள். குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது, உப்புப் போட்டாயா என்று கேட்பதைப் போல. "நடுச்சாமத்துல வந்து நின்னா? கட்டுன வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டு, தெருவுல நிக்கணுமா அவுக?"

சுத்தியலைக் கீழே வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"தின்ன தட்ட அவுகதேன் கழுவிக் கவுத்துவாக. தனியா இருந்து பழகுனவுக. இந்தத் தெருவுல எல்லா வாசலும் ஒண்ணுபோலத்தானே இருக்கு. ஊரவிட்டுப் போயி இம்புட்டு நாளாச்சு."

வீடு மாறிப் போயிருப்பார்களோ என்று அவள் கேட்டது யாரை என்று அப்போதுதான் புரிந்தது. வெள்ளிச் சாமான் போனதே என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் தூணில் சாய்ந்து விழித்திருந்ததெல்லாம் திருடன் பயத்தில் என்று எண்ணியிருந்தேன். பயமும் இருந்தது. ஆனால் அதைவிட, வந்தவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடக் கூடாதே என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்குப் பிறகு எனக்கும் தெருவில் எந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலும், அது எங்கள் வாசலில் நிற்கிறதா, தாண்டிப் போகிறதா என்று கேட்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது.

லைசன்ஸ் வந்தது. ஆத்தா பெயரில். மூன்று பேரும் மதுரைக்கு பஸ் ஏறினோம். கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கண்ணாடி அலமாரியில் துப்பாக்கிகள் வரிசையாக நின்றன. எனக்குத் திருவிழாவுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. கடைக்காரர் அம்மானைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அம்மான் ஆத்தாவைக் காட்டினார். கடைக்காரர் கொஞ்சம் திகைத்து, "உக்காருங்க ஆச்சி" என்றார். ஆத்தா உட்காரவில்லை.

நான் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தேன். இரட்டைக்குழல், குழல் அளவு பன்னிரண்டு 'போர்', உள்குதிரை. குதிரை என்பது தோட்டாவை அடிக்கும் சுத்தி. பழைய மாதிரியில் அது வெளியே கொம்பு போல் நிற்கும். கட்டைவிரலால் இழுத்து ஏற்றினால்தான் சுட முடியும். புதிய மாதிரியில் அது உள்ளேயே இருக்கும். எடு, பூட்டு விசையைத் தள்ளு, சுடு. சத்தமே கிடையாது. இருட்டில் திருடனுக்கு நாம் இருக்கும் இடம் தெரியாது. இதையெல்லாம் நானே மூச்சுவிடாமல் சொன்னேன்.

"பாப்பா சொல்றது சரிதான்," என்றார் கடைக்காரர். "நம்மகிட்ட இருக்கறதுலயே இதுதான் உசத்தி."

ஆத்தா அதைக் கையில் வாங்கினாள். கனத்தில் கை தாழ்ந்தது. கண்ணாடிச் சாமானைப் பிடிப்பது போல் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இதுல சத்தம் வருமாப்பா?"

"என்ன ஆச்சி, சுட்டா வராம இருக்குமா? ஊருக்கே கேக்கும்."

"சுடுறப்ப இல்ல. அதுக்கு முன்னால."

கடைக்காரர் அம்மானைப் பார்த்தார். அம்மான் மேலே சுற்றிய விசிறியைப் பார்த்தார்.

"முன்னால எதுக்கு ஆச்சி சத்தம்? அது வராம இருக்கத்தானே இம்புட்டு விலை!"

"சத்தம் வர்றது இருந்தா எடுங்க."

அவர் உள்ளே போய், மூலையில் கிடந்த ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு வந்தார். வெளிக்குதிரை வைத்த பழைய மாதிரி. யாரோ வைத்திருந்து கைமாறியது. கட்டை கறுத்திருந்தது. கட்டைவிரலால் குதிரையைப் பின்னால் இழுத்தார். இரண்டு எட்டாக ஏறியது. முதலில் ஒரு சின்னச் சொடுக்கு. பிறகு கதவு நாதாங்கி விழுகிற மாதிரி ஒரு பெரிய சொடுக்கு. கடை முழுவதும் கேட்டது.

"இன்னொரு வாட்டி," என்றாள் ஆத்தா.

அவர் குதிரையை மெல்ல இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். ஆத்தா கடையின் வாசல்வரை நடந்து போய், தெருப்பக்கம் பார்த்து நின்றுகொண்டாள்.

"இப்ப ஒருக்கா பண்ணுங்க."

சொடுக்கியது. அவள் திரும்பி வந்தாள். "இது போதும்."

"ஆத்தா, இது ஆமை மாதிரி! கள்ளன் அதுக்குள்ள ஓடிப்போயிருவான்," என்று கெஞ்சினேன்.

"ஓடுனா ஓடட்டும்."

கடைக்காரருக்குச் சட்டென்று புரிந்துவிட்ட மாதிரி முகம் மலர்ந்தது. "ஆச்சி சொல்றதும் ஒரு கணக்குத்தான். பாதிக் கள்ளன் இந்தச் சத்தத்துலயே ஓடிருவான்."

திரும்பும் பஸ்ஸில், துணி சுற்றிய துப்பாக்கியை அம்மான் மடியில் படுக்க வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். ஆத்தா ஜன்னல் பக்கம் பார்த்தபடி எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "கதவத் தள்ளிக்கிட்டு வர்றவுகளுக்கு ஒரு குரல் குடுக்க நேரம் வேணும்ல. நாந்தான்னு ஒரு வார்த்தை சொல்ல நேரம் வேணாமா? நீ சொல்ற துப்பாக்கியில அதுக்கு எடம் இல்லடி."

வீட்டில் அவளுக்கு நான்தான் பழக்கினேன். தோட்டா போடுவது, குழலை எப்போதும் கீழே பார்க்க வைப்பது, குதிரையை ஏற்றுவது. எல்லாவற்றையும்விட இறக்குவதைத்தான் அவள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகினாள். ஏற்றிய குதிரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, விசையை அமுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் படிய விட வேண்டும். விரல் வழுக்கினால் வெடித்துவிடும். வெற்றுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்ப்பாள். பூட்டிய அறைகளிலெல்லாம் அந்தச் சொடுக்கு போய் எதிரொலித்துவிட்டு வரும். அவள் கட்டைவிரலில் காய்ப்பே விழுந்தது.

நான் மதுரைக்குப் போனேன். விடுதி, ஆய்வுக்கூடம், புதுப் பெண்கள், சினிமா. ஆனாலும் விடுதி அறையில் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் படுத்தால் ஏதோ தப்புச் செய்த மாதிரி இருக்கும். யாரையோ வெளியே நிறுத்திவிட்ட மாதிரி. ஆத்தா எழுதும் கார்டுகளில், நன்றாகத் தூங்குகிறேன் என்றே இருக்கும்.

முதல் விடுமுறைக்கு, சொன்ன நாளுக்கு முன்னதாகவே கிளம்பிவிட்டேன். கார்டு போட்டால் அதற்கு முன் நானே போய்விடுவேன் என்று எழுதவும் இல்லை. உச்சி வெயிலில் ஜட்கா தெருமுனையில் நின்றுவிட்டது. தண்ணீர்க் குழாய் பதிக்கத் தெரு நெடுகப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டிக்காரர், ஆள் கூட்டி வருகிறேன், இரு தாயி என்றார். எனக்கு எங்கே பொறுமை! டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அதைப் பிடித்தபடி நடந்தேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. பெட்டியின் கனத்தில் மூச்சு வாங்கியது.

கதவை முழங்கையால் தள்ளினேன். திறந்தது.

வெளியே கண்ணைக் குத்தும் வெயில். உள்ளே கிணற்றுக்குள் இறங்கின மாதிரி இருட்டு. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளே இருந்து பார்ப்பவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதைப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். வெளிச்சத்தை முதுகில் வைத்துக்கொண்டு கறுப்பாக ஒரு ஆள். தோளில் பெட்டி. பெட்டி மறைத்ததால் தலையும் இல்லை, முடியும் இல்லை. முகப்பைத் தாண்டி உள்ளே நடந்து வரும் கால்கள், இடது கால் சற்று அழுத்தி.

வளவில் காலை வைத்தேன். இரண்டாங்கட்டு இருட்டிலிருந்து அந்தச் சொடுக்கு கேட்டது. சின்னது. பிறகு பெரியது.

எனக்குத் தெரிந்த சத்தம். நானே பழக்கிய சத்தம். கத்த வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. அதற்காகத்தானே அந்தத் துப்பாக்கியையே வாங்கினோம். வாயைத் திறந்தேன்.

அப்போது ஆத்தாவின் குரல் வந்தது. நான் அதுவரை கேட்டிராத குரல். இளசாக, கொஞ்சம் வெட்கத்தோடு.

"வந்துட்டீகளா?"

பெட்டி என் தோளை அறுத்துக்கொண்டிருந்தது. எதிரே ஏற்றிய துப்பாக்கி. தோட்டா உள்ளே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சமயத்தில் நான் பயந்தது துப்பாக்கிக்கு இல்லை. என் வாயிலிருந்து வரப்போகும் குரலுக்கு. பேசாமல் இருந்தால் அவள் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள்.

"எதுக்கு அங்கயே நிக்கிறீக? வெயில்ல வந்துருக்கீக. உள்ள வாங்க."

"நாந்தான் ஆத்தா."

எங்கோ புறா சிறகடித்தது. நான் பெட்டியோடு அசையாமல் நின்றேன். ரொம்ப நேரம் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு, கூர்ந்து கேட்டால் மட்டும் கேட்கிற மாதிரி, இரும்பு இரும்பின்மேல் மெதுவாகப் படிந்தது.

"பொட்டிய எறக்குடி," என்றாள். பழைய குரல். "தோளு என்னத்துக்கு ஆகும்."

சாப்பாடு போட்டாள். மெலிந்துவிட்டேன் என்று திட்டினாள். சாயங்காலம் விளக்கு ஏற்றிவிட்டு, துப்பாக்கியை மடக்கி அந்தச் சிவப்புத் தோட்டாவை வெளியே எடுத்தாள். மிச்சத் தோட்டாக்களோடு சேர்த்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தாள்.

"இத நீ மதுரைக்குக் கொண்டுபோயிரு."

"வெறுந்துப்பாக்கியா வச்சுக்கிட்டு என்ன ஆத்தா பண்ணுவ? கதவத் தாப்பாளாவது போடேன்."

"சத்தம் இருக்குல்ல. அது போதும்."

சாவி இப்போதும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. தாழ்ப்பாள் இப்போதும் போடப்படுவதில்லை. குளவி மறுபடி கூடு கட்டியிருக்கிறது, நான் சுரண்டவில்லை. ஊருக்குப் போனால் தெருமுனையிலேயே, "ஆத்தா, நாந்தான்" என்று கூவிக்கொண்டுதான் நடக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். ஆனாலும் நான் வாசலுக்கு வருவதற்கு முன்பே உள்ளே குதிரை ஏறும் சத்தம் கேட்டுவிடுகிறது. கதவைத் தள்ளிக்கொண்டு நின்று, இன்னொரு முறை சொல்கிறேன். குதிரை இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும், போன தடவையைவிடக் கொஞ்சம் தாமதமாகத்தான் இறங்குகிறது.